ஸ்டாக்ஹோமுக்கு வரவேண்டாம் என்றொரு கடிதம்

பிரெவே வகுப்பில் மதாம் க்யூரியைப் பற்றி எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. (தமிழில் மேரி கியூரி என்கிறார்கள், என் நாக்கு இன்னும் மரி க்யூரி என்றுதான் சொல்கிறது.) ஒழுகும் கொட்டகை, ரேடியம், இரண்டு நோபல் பரிசு. பாடம் அத்துடன் முடிந்தது. இரண்டாவது பரிசு எந்த நிலையில் அவர் கைக்கு வந்தது என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மகள் ஏவ் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலும் அந்த விவகாரம் பெயர் சொல்லப்படாமலே கடந்துபோகிறது.

கணவர் பியேர் 1906 ஏப்ரல் 19 அன்று, மழை நேரத்தில், பாரீஸ் தெருவொன்றில் குதிரை வண்டிச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அப்போது மரிக்கு வயது 38. இரண்டு பெண் குழந்தைகள். சில ஆண்டுகள் கழித்து, பியேரின் மாணவராக இருந்த போல் லான்ஜ்வேன் என்ற பௌதிகப் பேராசிரியரோடு நெருக்கம் ஏற்பட்டது. அவர் மணமானவர், நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன், மனைவியோடு ஓயாத சச்சரவு. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் களவுபோய் மனைவி தரப்பின் கைக்குச் சேர்ந்தன.

1911 நவம்பர் 4 அன்று 'லெ ஜூர்னால்' பத்திரிகை இதைக் காதல் கதையாக அச்சேற்றியது. மரி அப்போது ப்ருக்ஸெல் நகரில், ஐன்ஸ்டீன் முதலானோர் கூடிய சோல்வே மாநாட்டுக்குப் போயிருந்தார். சில நாட்களிலேயே இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கென்று அறிவிப்பு வந்தது. பாரீஸ் பத்திரிகைகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கண்டவர்களெல்லாம் அவரைப் பிரெஞ்சுக் குடும்பத்தைக் கெடுக்க வந்த அந்நியப் பெண் என்று எழுதினார்கள். வீட்டு வாசலில் கூட்டம் கூடியதால், பிள்ளைகளோடு கணித மேதை எமில் பொரேல் வீட்டில் தஞ்சம் புகுந்தார். கடிதங்களை வெளியிட்ட பத்திரிகை ஆசிரியரோடு லான்ஜ்வேன் துப்பாக்கிச் சண்டைக்கும் போனார். இருவருமே சுடவில்லை என்பது வேறு விஷயம்!

பிறகு சுவீடனிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் அர்ரேனியுஸ், அவரே நோபல் பெற்ற பெரிய மனிதர். இந்த நிலைமையில் பரிசு வாங்க நேரில் வராமலிருப்பதே நல்லது என்பது அதன் சாரம்.

அர்ரேனியுஸ் கெட்டவரல்ல. பரிசின் கௌரவம் குறையக்கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. அந்த முன்ஜாக்கிரதை எனக்குப் பழக்கமானது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பென்ஷன் காகிதங்களைக் கவனித்த அம்மையார் ஒருவர் இருந்தார். எந்த விதவையையும் அவர் இரண்டாவது முறை அலைய விட்டதில்லை. அவருடைய பதவி உயர்வுக் கோப்பு மேலே போகும் வாரத்தில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது, அவர் யாரோடு பேசுகிறார், பழகுகிறார் என்று. கிழித்துப் போட்டிருக்கலாம். நான் 'பார்வைக்கு' என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். பதவி வேறொருவருக்குப் போனது. அம்மையார் அதே நாற்காலியிலிருந்தே ஓய்வு பெற்றார்.

மரி பதில் எழுதினார். பரிசு ரேடியம், பொலோனியம் கண்டுபிடித்ததற்காகக் கொடுக்கப்பட்டது, என் விஞ்ஞான வேலைக்கும் என் சொந்த வாழ்க்கைக்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில். எழுதியதோடு நிற்காமல், அக்காளையும் மூத்த மகள் இரேனையும் கூட்டிக்கொண்டு ஸ்டாக்ஹோம் போனார். டிசம்பர் 11 அன்று நிகழ்த்திய உரையில், எது பியேரோடு சேர்ந்து செய்தது, எது தான் தனியே செய்தது என்று பிரித்துச் சொன்னார்.

லான்ஜ்வேனின் மனைவிக்கும் ஒரு நியாயம் உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது அந்தக் குடும்பத்துக்குள் தீர வேண்டியது, ரேடியத்தின் அணு எடையோடு சேர்த்து நிறுக்கக் கூடியதல்ல. அந்த டிசம்பரிலேயே தம்பதியின் பிரிவு, க்யூரி பெயரே வராமல், சமரசமாக முடிந்தது. லான்ஜ்வேனின் பேராசிரியர் பதவிக்கு ஒரு குறையும் வரவில்லை. பழி முழுவதும் அந்த அம்மாள் தலையில்தான்.

ஊர் திரும்பிய மரி அந்த மாதக் கடைசியில் மருத்துவமனையில் படுத்தார். பின்பு சிறுநீரக அறுவைச் சிகிச்சை, மனச்சோர்வு. பல மாதம் ஆய்வுக்கூடத்துக்கே வரவில்லை. 1914-இல் யுத்தம் மூண்டதும், எக்ஸ்ரே கருவி பொருத்திய மோட்டார் வண்டிகளை ஏற்பாடு செய்து, காயம்பட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களைத் தேடிப் போர்முனைக்கே ஓட்டிக்கொண்டு போனார். மூன்று வருஷத்துக்கு முன் அவரை அந்நியப் பெண் என்று ஏசியது இதே பிரான்சுதான்.

பிற்காலத்தில் மரியின் பேத்தி எலேன், லான்ஜ்வேனின் பேரன் மிஷெலை மணந்துகொண்டார். அதுவும் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.