தணிகை: சினம் தணிந்த மலையும் தனித்திருந்தவர்களும்

ஐப்பசி மாதம் கந்த சஷ்டி வந்தால் முருகன் கோயில்கள் எல்லாம் போர்க்களமாகிவிடும். திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சக்கணக்கானவர்கள் கூடி சூரன் தலை விழுவதைப் பார்ப்பார்கள். ஆனால் ஆறுபடை வீடுகளில் ஐந்தாவதான திருத்தணியில் அன்றைக்கு சூரசம்ஹாரம் கிடையாது. அங்கே முருகனுக்குப் புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூ. காரணம் கேட்டால் ஊரில் யாரும் சொல்வார்கள்: "சண்டையெல்லாம் முடிச்சுட்டு சாமி கோபம் தணிஞ்சு வந்து உக்காந்த இடங்க இது. இங்க எதுக்கு மறுபடியும் சண்டை?"

தணிகை என்ற பெயருக்கு மரபு தரும் விளக்கமும் இதுவே. சூரனோடு நடந்த போர், பிறகு வள்ளிக்காக வேடரோடு நடந்த பூசல், இரண்டின் சினமும் தணிந்த இடம். இன்னொரு தல நம்பிக்கையும் உண்டு. தாரகாசுரன் எறிந்த சக்கரத்தை முருகன் தன் மார்பில் தாங்கிக்கொண்டான் என்றும், அந்தத் தழும்பு மூலவர் மார்பில் இன்னும் இருக்கிறது என்றும் சொல்வார்கள். வென்றவன்தான், ஆனால் காயம்பட்டவன். கோபம் போய்விட்டது, வடு போகவில்லை.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தீர்வது வேறு, தணிவது வேறு. காய்ச்சல் தணியும், பசி தணியும், துக்கமும் தணியும். துக்கத்துக்குக் காரணமானது அப்படியே இருக்கும்போதும் துக்கம் தணிவதுண்டு. கடவுளை நம்பினால் கஷ்டம் தீருமா என்று கேட்டால் வரலாற்றில் நேரான பதில் கிடையாது. தணியுமா என்று கேட்டால் இந்த மலையைச் சுற்றி மூன்று பேருடைய வாழ்க்கை பதிலாக நிற்கிறது. மூன்று பேருமே வெவ்வேறு விதத்தில் தனித்துவிடப்பட்டவர்கள்.

முதலாமவர் முத்துஸ்வாமி தீட்சிதர். 1775இல் திருவாரூரில் பிறந்தவர். சென்னைக்கு அருகே மணலியில் குடும்பம் இருந்தபோது, சிதம்பரநாத யோகி என்ற துறவி அந்த இளைஞரைத் தன்னோடு காசிக்கு அழைத்துக்கொண்டு போனார். பெற்றோருக்கு மனசே இல்லை. இருந்தும் அனுப்பிவைத்தார்கள். சில ஆண்டுகள் காசியில் குருவுக்குப் பணிவிடை, ஸ்ரீவித்யை, வேதாந்தம், வீணை. பிறகு குரு அங்கேயே சித்தியடைந்தார். ரயில் இல்லாத காலம். மொழி தெரியாத தேசத்தில் இருந்த ஒரே துணை போய்விட, அந்த இளைஞர் வீணையோடு தெற்கே திரும்பினார்.

வந்தவர் திருத்தணிக்குப் போனார். அங்கே ஒரு முதியவர் அவரை வாயைத் திறக்கச் சொல்லி கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார் என்பது சங்கீத மரபு வழிவழியாகச் சொல்லும் கதை. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நம் கையில் இருப்பது அதற்குப் பிறகு பிறந்த பாட்டு: மாயாமாளவகௌளை ராகத்தில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'. அவருடைய முதல் கீர்த்தனை இது என்கிறது மரபு. ஒன்றோடு நிற்கவில்லை. வடமொழியின் எட்டு வேற்றுமைகளிலும் குருகுஹன் மேல் எட்டுக் கீர்த்தனைகள். ஆனந்தபைரவி, பாடி, சாமா, பலஹம்ஸா, பூர்வி, பானுமதி, உதயரவிச்சந்திரிகா என்று ராகங்கள் விரிகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது 'குருகுஹ' என்ற முத்திரை. குருவை இழந்து வந்தவர், குகைபோன்ற இதயத்தில் இருக்கும் குகனையே குருவாக்கி, அந்தப் பெயரையே தன் கையெழுத்தாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பின் எந்த ஊரில் எந்தத் தெய்வத்தைப் பாடினாலும் கடைசியில் 'குருகுஹ' வந்துவிடும். 1835இல் எட்டயபுரத்தில் மறையும் வரை அந்தச் சொல்லை அவர் விடவில்லை. காசியில் இறந்த குரு திரும்பி வரவில்லைதான். ஆனால் குரு இல்லாமல் அவர் ஒரு பாட்டுகூட முடிக்கவில்லை.

இரண்டாமவர் சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இருந்த சிறுவன். 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்கம். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். வளர்த்தவர் மூத்த அண்ணன் சபாபதி பிள்ளை, புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். தம்பி படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று அவருக்கு ஆசை. தம்பியோ பள்ளிக்குப் போகாமல் கந்தகோட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். அண்ணன் கடைசியில் வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது, சோறு போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணி மனசு கேட்கவில்லை. அவர் அறியாமல் சோறு போட்டுவந்தார்.

பிறகு சமாதானமாகி மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். கேட்டது ஒரு கண்ணாடியும் விளக்கும்தான். கண்ணாடியை வைத்து, விளக்கேற்றி, எதிரே உட்கார்ந்தான் பையன். அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் தெரிந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தனியாக அடைந்து கிடக்கும் எவரும் கண்ணாடியில் பார்ப்பது தன் முகத்தைத்தான். அதே கண்ணாடியில் அவர் பார்த்தது, ஐம்பது மைலுக்கு அப்பால் இருந்த ஒரு மலையை.

அந்த ஏக்கம் அவர் பாடல்களில் கொட்டிக் கிடக்கிறது. திருவருட்பாவின் தொடக்கப் பதிப்பு முறையில் ஐந்தாம் திருமுறை பெருமளவு தணிகையைப் பற்றியதே. அதில் வரும் 'பிரார்த்தனை மாலை' போன்ற பதிகங்களைப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். இது அடைந்துவிட்டவனின் பாட்டல்ல. எப்போது வருவேன், எப்போது பார்ப்பேன், என்னை ஏன் விட்டுவைத்திருக்கிறாய் என்று உரிமையோடு சண்டை போடுகிற பாட்டு. கடவுளை நம்புவது என்றால் வாயை மூடிக்கொண்டு சகித்துப்போவது என்று நாம் பலசமயம் நினைத்துக்கொள்கிறோம். தமிழ் பக்தி அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. ஆள் இல்லாத அறையில் யாரிடம் சண்டை போட முடியும்? எதிரே ஒருவர் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால்தானே கோபித்துக்கொள்ள முடியும்? அண்ணியின் சோற்றை உண்ட அந்தப் பையன்தான் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையில் அடுப்பைப் பற்றவைத்தார். பசி என்று வந்தவரிடம் யார் எவர் என்று கேட்கக் கூடாது என்பது ஏற்பாடு. அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை.

மூன்றாமவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் வ.த. சுப்பிரமணிய பிள்ளையைச் சொல்லியாக வேண்டும். அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டில் பாடிய திருப்புகழ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏடுகளாகச் சிதறிக் கிடந்தது. நீதிமன்ற உத்தியோகத்தில் இருந்த இந்தத் தணிகை பக்தர் ஊர் ஊராக ஏடு தேடி, 1894இல் முதல் பாகத்தையும் 1901இல் இரண்டாம் பாகத்தையும் அச்சில் கொண்டுவந்தார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை, 'தணிகைமணி' என்றே பெயர் பெற்றவர், முழுத் திருப்புகழுக்கும் உரை எழுதினார். இந்த அச்சுப் புத்தகம் இல்லையென்றால் மூன்றாமவரின் கதையே இல்லை.

அவர் பெயர் அர்த்தநாரி. 1870இல் பிறந்தவர். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. குடும்பத்தில் அடுத்தடுத்துச் சாவு. கூடவே தீராத வயிற்றுவலி. எத்தனையோ வைத்தியம் பார்த்தும் கேட்கவில்லை. பழனிக்குப் போய்ப் பார் என்று யாரோ சொல்ல, போனார். முருகனுக்குப் பணிவிடை செய்துகொண்டு அங்கேயே தங்கினார். வலி விட்டது. பழனியில் ஒருநாள் நாட்டியமாடிய ஒரு பெண் பாடிய திருப்புகழ் அவர் காதில் விழுந்தது. எழுத்து அவ்வளவாகத் தெரியாது. நாற்பது வயதை ஒட்டிய நேரத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு திருப்புகழை நெட்டுரு போட்டார். அரண்மனையில் சமைத்தவர் அ, ஆ-விலிருந்து ஆரம்பித்தார். பிறகு துறவு, திருவண்ணாமலையில் ரமணர், சேஷாத்ரி சுவாமிகள் ஆகியோரின் தொடர்பு, கடைசியில் வள்ளிமலைக் குகை. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்று நாடு அறிவது இவரைத்தான்.

குகைக்குள் போன மனிதர் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் அவர் கண்ணில் ஒரு காட்சி பட்டது. ஜனவரி முதல் தேதியானால் உத்தியோகஸ்தர்களும் பெரிய மனிதர்களும் எலுமிச்சம்பழமும் மாலையுமாக வெள்ளைக்கார துரைமார்களின் வீட்டு வாசலில் வரிசையில் நிற்பார்கள். "துரைக்கெல்லாம் துரை தணிகை மலையில இருக்கான், அவனைப் போய்ப் பாருங்களேன்" என்பதுதான் அவருடைய யோசனையின் சாரம். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், ஒரு டிசம்பர் 31ஆம் தேதி, திருப்புகழ் பாடியபடி தணிகைப் படிகளில் ஏற ஆரம்பித்தார்கள். மலைக்கு 365 படி, ஆண்டுக்கு 365 நாள். ஒவ்வொரு படிக்கும் கற்பூரம், ஒவ்வொரு படியிலும் பாட்டு. அதுதான் இன்றும் நடக்கும் திருப்படித் திருவிழா.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். விலைவாசி ஏறி, மழை பொய்த்து, 1918இல் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன ஆண்டுகள். வரப்போகும் வருஷத்தை நினைத்து நடுங்குவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. அந்த மொத்த வருஷத்தையும் ஒரேயடியாகத் தூக்கச் சொல்லவில்லை இந்தச் சடங்கு. ஒரு படி, ஒரு பாட்டு, அப்புறம் அடுத்த படி. மூட்டுவலிக்காரர்கள்கூட ஏறிவிடுகிறார்கள். பக்கத்தில் ஏறுபவர் கை கொடுப்பார். வலியில் தனியாகச் சுருண்டு கிடந்த ஒருவர், தனக்குத் துணையாக இருந்த பாட்டை ஊருக்கே துணையாக்கிவிட்டு 1950இல் மறைந்தார்.

இந்த ஊருக்கும் தனித்துவிடப்படுவது என்றால் என்னவென்று தெரியும். 1911இல் சித்தூர் ஜில்லாவோடு போனது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கம் விழுந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. முருகன் மட்டும் எந்தப் பக்கமும் நகரவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே படியில்தான் பூக்காவடி எடுக்கின்றன.

2020இல் அந்தக் காவடியும் நின்றது. மார்ச்சில் மூடிய பெரிய கோயில்கள் தமிழகத்தில் செப்டம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. நடுவில் வந்த ஆடிக் கிருத்திகைக்கு மலையில் பக்தர்கள் இல்லை. மாநிலங்களுக்கு இடையே பஸ் ஓடவில்லை, எல்லை மறுபடியும் சுவராகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் லுங்கி நெய்யும் தறிக்காரர்களுக்கு அது பசிக் காலம். அத்தனை வேண்டுதலையும் மீறி எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய நம்பிக்கை குறைவாக இருந்தது என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. நம்பினால் கெட்டது நடக்காது என்பவர் தணிகையின் கதையைச் சரியாகக் கேட்கவில்லை. மார்பில் வடுவோடு நிற்கும் சாமி அப்படி வாக்குக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

"முருகா, நீயே பாத்துக்கோ" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கேட்பதற்குக் கையைக் கழுவிவிட்டது போல இருக்கும். ஆனால் அப்படிச் சொன்ன அடுத்த நிமிஷம் எழுந்து உலை வைக்கப் போவார்கள். என்னால் ஆகாததை உன்னிடம் வைத்துவிட்டேன், ஆவதை நான் பார்க்கிறேன் என்பதே அதன் பொருள். தீட்சிதர் பாட்டுக் கட்டினார், வள்ளலார் அடுப்பு மூட்டினார், அர்த்தநாரி எழுத்துக்கூட்டிப் படித்தார். வேலை தங்களுடையது, பாரம் முருகனுடையது என்று பிரித்துக்கொண்டவர்கள். மலையில் படிகள் அங்கேயேதான் இருக்கின்றன. வருகிற டிசம்பர் 31 இரவும் யாராவது முதல் படியில் கற்பூரம் ஏற்றுவார்கள்.