அளத்தலும் அளத்தற்கரியதும்: பேரண்டமும் மனித இருப்பும் குறித்த பழந்தமிழ்ச் சிந்தனை

முன்னுரை

பேரண்டத்தின் விரிவை நோக்க மனித இருப்புக்குப் பொருள் உண்டா என்னும் வினா, அறிவியல் வளர்ச்சியின் பின் எழுந்த புதுவினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கசின் நூல் புவியை அண்டத்தின் நடுவிடத்திலிருந்து அகற்றியது. அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் (1623-1662) எல்லையற்ற வெளியின்முன் மனிதன் கொள்ளும் அச்சத்தை எழுத்தில் வடித்தார். 1920களில் எட்வின் ஹபிள், ஆந்திரமேடா நம் பால்வழிக்கு அப்பாற்பட்ட தனியொரு விண்மீன்திரள் என்பதை நிறுவினார். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்றும், பால்வழியில் மட்டும் 10,000 கோடிக்குக் குறையாத விண்மீன்கள் உள்ளன என்றும் இன்று கணிக்கப்படுகின்றது.

இவ்வளவுகளின்முன் தமிழிலக்கிய ஆய்வாளர் மேற்கொள்ளும் நெறிகளுள் ஒன்று, இன்றைய வானியலின் முடிபுகள் பழம்பாடல்களில் முன்னரே கூறப்பட்டுள்ளன எனக் காட்டுவதாகும். இந்நெறி பாடல்களுக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றினும், அவை உண்மையில் எழுப்பும் வினாவை மறைத்துவிடுகின்றது. அவ்வினா யாது, அதற்குப் பழந்தமிழ் மரபு கண்ட விடை யாது என்பதைக் காலமுறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறப்பாடல்களில் அளவை

அண்டப் பொருள்களை அளக்கும் செய்தி புறநானூற்றின் 20, 30ஆம் பாடல்களில் இடம்பெறுகின்றது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய 30ஆம் பாடல், ஞாயிற்றின் வழி, அதன் இயக்கம், காற்றுச் செல்லும் திசை, பற்றுக்கோடின்றி நிற்கும் வானம் ஆகியவற்றை நேரிற் சென்று அளந்தவர்போலக் கூறுவோரும் உளர் என்கின்றது. வானநூல் வல்லார் அக்காலத்து இருந்தனர் என்பதற்கு இப்பாடல் சான்றாகக் காட்டப்படுவது இயல்பே. ஆயினும் பாடலின் கருத்து அதனோடு முடியவில்லை. அத்தகையோராலும் அறிய இயலாதது, யானை தன் கவுளில் அடக்கிய கல்லைப்போல் மன்னன் தன்னுள் ஒளித்து வைத்துள்ள வலிமை என்பதே புலவர் கூற வந்தது. அளக்கத்தக்கது வானம், அளக்கவியலாதது மனித அகம்.

குறுங்கோழியூர் கிழார் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய 20ஆம் பாடல் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. கடலின் ஆழம், நிலத்தின் அகலம், காற்றின் திசை, வெற்றிடமாய் நிற்கும் ஆகாயம் ஆகியவற்றை அளந்தறிய முடியினும் மன்னனை அளத்தல் அரிது என்று கூறும் புலவர், அதற்குக் காரணமாக அறிவு, ஈரம், கண்ணோட்டம் என்னும் பண்புகளைச் சுட்டுகின்றார். முன்னைய பாடலில் அளவைக்கு அடங்காதது வலிமை, இங்கு அருள். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

பாஸ்கலின் கருத்தோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். 1670இல், அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த 'சிந்தனைகள்' என்னும் நூலில், அண்டம் மனிதனை நசுக்க வல்லதாயினும், தான் நசுக்கப்படுவதை மனிதன் அறிகின்றான், அண்டமோ அறியாது, எனவே மனிதனின் மேன்மை அவன் எண்ணத்தில் உள்ளது என்று அவர் வாதிடுகின்றார். குறுங்கோழியூர் கிழாரும் அறிவைக் கூறுகின்றார்; ஆனால் அதனைத் தனித்து நிறுத்தாமல் ஈரத்தோடும் கண்ணோட்டத்தோடும் இணைக்கின்றார். ஈரமும் கண்ணோட்டமும் பிறர் ஒருவர் இருந்தாலன்றி நிகழாதவை. மனித இருப்பின் பொருளைத் தனியொருவனின் உணர்வில் தேடாது உறவில் தேடும் போக்கு இங்குத் தொடக்கம் பெறுகின்றது எனலாம்.

இவை மன்னனைப் புகழும் பாடல்களாதலின், இவற்றில் உள்ளது உயர்வு நவிற்சியே என ஒருவர் தடை எழுப்பலாம். அத்தடைக்கு விடை அகப்பாடலில் உள்ளது. தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை 3ஆம் பாடலில் தலைவி தன் காதலின் அளவைக் கூற நிலம், வானம், கடல் ஆகிய அதே அளவைகளைக் கையாளுகின்றாள். அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்பெறார் என்பது தொல்காப்பிய நெறி. எனவே அண்டத்தினும் பெரியது என்னும் சிறப்பு அரசனுக்கு மட்டும் உரியதன்று. பெயரற்ற ஒருத்தியின் அன்புக்கும் உரியது.

கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் பாடலையும் இவ்வரிசையில் வைத்து நோக்கலாம். கணியன் என்னும் சொல் காலம் கணிப்போரைக் குறிக்கும். உயிரின் போக்கை ஆற்றுநீர் வழிச் செல்லும் மிதவைக்கு ஒப்பிடும் இப்புலவர், அதனால் சோர்வடையவில்லை. பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் வேண்டா என்னும் முடிபுக்கே வருகின்றார். சிறுமை என்பது இகழத்தக்கதன்று என்னும் இத்தெளிவு, அண்டத்தின்முன் மனிதன் தன்னையே இகழ்ந்துகொள்ளும் நிலைக்கும் மாற்றாக அமைகின்றது.

சமய இலக்கியங்களில் வளர்ச்சி

பரிபாடலின் 2ஆம் பாடலில் கீரந்தையார், வானம், காற்று, தீ, நீர், நிலம் என்பன முறையே தோன்றிய ஊழிகளை நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் முதலிய பேரெண்களால் சுட்டுகின்றார். காலத்தின் இப்பெருவிரிவைக் காட்டிய பின்னர், சுற்றத்தோடு கூடித் திருமாலை வணங்குவோர் வேண்டுவது நீண்ட வாழ்வன்று. தம் அறிவு கோணல் நெறியை அறியாதிருக்க வேண்டும் என்பதே. ஊழிக்கணக்கின்முன் அற வேண்டுதல் பொருளற்றதாகிவிடவில்லை.

மணிமேகலையின் 27ஆம் காதையில் இவ்வினா தருக்க வடிவம் பெறுகின்றது. பூதங்களின் கூட்டத்தால் உணர்வு பிறக்கும், இன்பதுன்பங்கள் இப்பிறவியோடு முடியும் எனப் பூதவாதி கூறக் கேட்ட மணிமேகலை, காட்சியளவை ஒன்றையே கொள்வோன் தன் தாய்தந்தையரை எங்ஙனம் அறிவான் என வினவுகின்றாள். அளவைப் போரில் அவள் எடுத்த சான்று உறவு என்பது நோக்கத்தக்கது. அவள் அதற்கு முன்னரே அமுதசுரபியால் பசி தீர்த்துச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியவள். வாதத்திற்கு முன்னரே வாழ்வின் பொருள் செயலில் நிறுவப்பட்டுவிடுகின்றது.

மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதி, நூற்றொரு கோடிக்கும் மேற்பட விரிந்த அண்டங்களையும், அவை இல்லினுள் நுழையும் கதிரில் தெரியும் நுண்துகள்போல் இறைவன்முன் சிறியனவாதலையும் கூறுகின்றது. இன்றைய அண்டவியலுக்குச் சான்றாக இப்பகுதி மிகுதியும் எடுத்தாளப்படுகின்றது. ஆனால் இங்குத் துகளாவது மனிதன் அல்லன், அண்டமே. அத்துணைப் பெரியோன் தனியொருவனைத் தேடி வந்து ஆட்கொண்டான் என்னும் வியப்பே பகுதியின் உயிர். இதனை வானியல் செய்தியாகச் சுருக்குவோர் அவ்வியப்பை இழக்கின்றனர்.

முடிவுரை

மேற்கண்ட நூல்கள் ஒரே கொள்கையைக் கூறுவன அல்ல. புறப்பாடல்கள் இறைவனை முன்னிறுத்தவில்லை. பரிபாடலும் திருவாசகமும் இறைவனின்றி இயங்குவதில்லை. மணிமேகலையோ பௌத்த நெறி நிற்பது. எனினும் அண்டத்தின் பெருமையை மறுக்காமலே, அளவு வேறு மதிப்பு வேறு என்னும் தெளிவு இவற்றிடையே தொடர்ந்து வருவதைக் காணமுடிகின்றது. புறநானூற்றை 1894இலும் மணிமேகலையை 1898இலும் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோது, அண்டம் என்பது பால்வழி அளவினதே என்னும் கருத்து வலுவாக நிலவியது. அதன்பின் அண்டத்தின் அளவு பன்மடங்கு பெருகிவிட்டது. ஆயினும் குறுங்கோழியூர் கிழாரின் கூற்றில் திருத்த வேண்டியது ஏதுமில்லை. அளந்தறிய முடியினும் என்றே அவர் தொடங்கியிருந்தார்.

இன்றைய வானியலை இப்பாடல்கள் முன்கூட்டியே அறிந்திருந்தன என நிறுவும் தேவை தமிழாய்வுக்கு இல்லை. வானியல் அளக்கட்டும். அளந்து முடித்த பின்னும் எஞ்சி நிற்பது யாது என்று கேட்டதே இவற்றின் தனிச்சிறப்பாகும். மனித இருப்பின் பொருள் அண்டத்தில் மனிதன் பெறும் இடத்தின் அளவால் அமைவதன்று, பிற உயிர்பால் அவன் கொள்ளும் ஈரத்தால் அமைவது என்பதே அக்கேள்விக்கு இம்மரபில் பெறப்படும் விடை.