மாய யதார்த்தவாதம்

அன்றாட வாழ்க்கையின் சாதாரண நிகழ்ச்சிகளையும் இயற்கையை மீறிய அற்புதங்களையும், வியப்பேதும் காட்டாமல் ஒரே குரலில் சொல்லிச் செல்லும் புனைகதை முறை மாய யதார்த்தவாதம் எனப்படும்.

வரலாறு: 1925-இல் ஜெர்மானிய விமர்சகர் பிரான்ஸ் ரோ ஓவியத்தைக் குறித்து வழங்கிய இச்சொல், லத்தீன் அமெரிக்க நாவல்களின் வாயிலாக இலக்கியத்தில் நிலைபெற்று, அந்நிய ஆட்சி நீங்கிய பின்னும் சுதேச சர்வாதிகாரிகளின் கீழ் வாழ நேர்ந்த ஆப்பிரிக்க எழுத்தாளரிடத்தில் எதிர்ப்பின் சாதனமாயிற்று. கென்யாவின் கூகி வா தியாங்கோ 1986-இல் கிக்கூயு மொழியில் வெளியிட்ட 'மாத்திகாரி' நாவலில், காட்டிலிருந்து திரும்பும் விடுதலை வீரன் சத்தியமும் நீதியும் எங்கே என்று ஊர்தோறும் கேட்டலைகிறான். அப்படியொரு மனிதன் மெய்யாகவே நடமாடுவதாக நம்பிய அரசாங்கம் அவனைக் கைது செய்ய உத்தரவிட்டு, அவன் கதாபாத்திரமே என்றறிந்ததும், 1987-இல் நூற்பிரதிகளைப் பறிமுதல் செய்தது.

தமிழில்: கடவுளைச் சென்னை வீதிக்கு அழைத்துவந்து குடும்பஸ்தர் ஒருவரின் விருந்தாளியாக்கிய புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) இம்முறைக்கு முன்னோடி, லத்தீன் அமெரிக்க நாவல்களின் செல்வாக்கை உணர்ந்து எழுதப்பட்ட தொடக்க முயற்சி தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' (1985).

ஆயினும், நேராகப் பேசும் வழி அடைபட்டபோது அற்புதம் எவ்வாறு பேச்சாகிறது என்பதற்குத் தெளிவான சான்று, கொங்குநாட்டுத் திருச்செங்கோட்டைத் தன்னுள் கொண்டிருந்த பழைய சேலம் ஜில்லாவின் மண்ணிலிருந்தே கிடைத்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி மூள, அடுத்த மாதம் அவர் தம்முள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அவருடைய எழுத்துரிமையை நிலைநாட்டியபின், அவ்வாண்டே வந்த நாவல் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. மனிதர்களைப் பற்றியும் தெய்வங்களைப் பற்றியும் எழுத அஞ்சி ஆட்டைத் தேர்ந்ததாக அதன் முன்னுரை கூறுகிறது. பூதாகாரமான ஒருவன் கிழவனிடம் தந்துசென்ற கருங்குட்டி ஒரே ஈற்றில் ஏழு குட்டிகளை ஈனுகிறது. ஆடுகளுக்குக் காதுகுத்திப் பதிவுசெய்யவேண்டுமென்பது ஆட்சியாளரின் கட்டளையாதலால், குடியானவர்கள் வெயிலில் வரிசைகட்டி நின்று, யார் காதில் விழுமோ என்று குரலைத் தாழ்த்தி முணுமுணுக்கிறார்கள்.

மதிப்பீடு: கென்யாவிலும் கொங்குநாட்டிலும் இவ்வற்புதங்கள் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவந்த கதைமரபிலிருந்தே எழுந்தவை, அதனாலேயே எளிய மக்கள் அவற்றின் உட்பொருளை உடனே உணர்கின்றனர், அதிகாரம் அவற்றை அஞ்சுகிறது. அச்சத்தை மறைக்காமல் அதையே கதையின் கருப்பொருளாக்கும் துணிவுதான் இம்முறையின் தலையாய அரசியற் சிறப்பு.