வானத்துக்கும் ஒரு தராசு

அங்காடியில் எடையையும் அளவையும் சோதிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரியை அமர்த்துவது இஸ்லாமிய நகரங்களின் பண்டைய மரபு. வணிகரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நம் முன்னோர் அங்காடியை விட்டுவிடவில்லை. உலக வணிகத்துக்கும் அத்தகைய கண்காணிப்பு இன்றியமையாதது என்பதை ஓசோன் படலத்தின் வரலாறு உணர்த்துகிறது.

குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ புளோரோ கார்பன் வாயுக்கள் அப்படலத்தை அரிக்கும் என 1974இல் மோலினா, ரோலண்டு ஆகிய அறிஞர்கள் எச்சரித்தனர். அவ்வாயுக்களின் உற்பத்தியில் முன்னணியில் நின்ற டூபாண்ட் நிறுவனமோ, சான்று போதாதென வாதாடி வந்தது. 1985இல் அண்டார்க்டிகா வானில் படலம் மிகவும் மெலிந்துள்ளது என்ற உண்மை வெளியாயிற்று. 1987இல் உலக நாடுகள் மாண்ட்ரியலில் கூடி, அவற்றின் உற்பத்திக்கு வரம்பிட்டன. அறிவியல் சான்றும் வலுப்பெறவே, மறு ஆண்டில் அந்நிறுவனம் அவ்வாயுக்களைக் கைவிடுவதாக அறிவித்தது. மாற்றுப்பொருளை முதலில் விற்பவர் யார் என்பதே அதன்பின் போட்டியாயிற்று.

ஆயினும், மாற்றாக வந்த ஹைட்ரோ புளோரோ கார்பன்கள் ஓசோனைக் காத்தனவேயன்றி, பூமியின் வெப்பத்தைக் கூட்டின. அவற்றையும் குறைக்க 2016இல் கிகாலியில் மீண்டும் உடன்பாடு காண வேண்டியதாயிற்று.

ஆகவே, தராசைப் பார்க்கும் கண் விழித்திருக்கும்வரை வணிகர் நன்மையிலும் போட்டியிடுவர். அக்கண் அயர்ந்தால் இழப்பு வாங்குவோருக்கு மட்டுமன்று, இறைவன் படைப்பனைத்துக்குமே.