வினாத்தாளும் பூட்டிய வீடும்

விழுப்புரத்தில் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு வினாத்தாளை என்னிடம் காட்டினார்கள். ‘நகர வாழ்வும் நல்வாழ்வும்’ என்று ஆய்வு. குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, கழிப்பறை உண்டா, மனநிம்மதி உண்டா என்று நிறைய கேள்விகள். சாதி பற்றி ஒன்றுகூட இல்லை. ‘அதக் கேட்டா வம்பு சார்’ என்றான் ஒரு பையன். அந்த வம்பைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் வினாத்தாளோடு வருவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். மாணவர்களைக் கொண்டு அவர் கிராமங்களை ஆய்வு செய்ய வைத்தார். 1918இல் அது நூலாயிற்று. அதிலுள்ள ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. அன்று தென்னார்க்காடு, 1993க்குப் பிறகு விழுப்புரம் மாவட்டம். அன்றைக்குப் பல்கலைக்கழகம்வரை போக முடிந்தவர்கள் பெரும்பாலும் யார்? சேரிக்குள் அவர்கள் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்கள்? ஏரையும் மாட்டையும் எண்ணுகிற கண்ணுக்கு அடிமைத்தனம் ‘வழக்கம்’ என்றுதான் தெரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஊருக்கு 1930களில் தாமஸும் ராமகிருஷ்ணனும் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் குஹனும் ஜோன் மென்ச்சரும். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும். நிலக்கிழாரின் பிடி தளர்ந்ததும், உழைப்பவர்கள் வயலுக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதும் கடைசி ஆய்வில் பதிவாயின. யார் யாரை அண்டிப் பிழைத்தார்கள் என்று கேட்டதால்தான் இது தெரிந்தது. விளைச்சலை மட்டும் கேட்டிருந்தால் தெரிந்திருக்காது.

அமெரிக்காவில் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், பிலடெல்பியா நகரத்தின் கறுப்பினப் பகுதியில் வீடு வீடாகப் போய் 1899இல் ஒரு நூல் வெளியிட்டார். கறுப்பர்களே நகரத்தின் நோய் என்றிருந்த சொல்லாடலை அவர் புரட்டிப் போட்டார். வேலை தராத, வீடு தராத வெள்ளைச் சமூகத்தின் பக்கம் கேள்வியைத் திருப்பினார். கேட்கிறவர் நிற்கிற இடம் மாறும்போது கேள்வியும் மாறிவிடுகிறது.

நகரத்திற்கு வந்தால் சாதி கரைந்துபோகும் என்பது நவீனத்துவத்தின் பெருங்கதையாடல். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டபோது அந்தக் கதையாடல் இங்கேயே உடைந்து கிடந்தது. இந்த நகரத்தில் நல்வாழ்வைப் பற்றி ஆய்வு செய்துவிட்டு 1978ஐக் கேட்காமல் போனால் அது எப்படி ஆய்வாகும்?

திண்டிவனம் பக்கம் இருளர் குடியிருப்பொன்றுக்கு அந்த மாணவர்களோடு நானும் போனேன். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். படிவத்தில் ‘பதில் இல்லை’ என்று குறித்தார்கள். பூட்டுதாம்ப்பா பதில் என்றேன். ஒரு பாட்டி கேட்டார்: ‘எழுதிக்கினு போறீங்களே, திருப்பிக் கொண்ணாந்து காட்டுவீங்களா?’ யாரும் பேசவில்லை.

ஒரு மாணவி மட்டும் வினாத்தாளை வைத்துவிட்டு விழுப்புரத்தின் வரைபடம் ஒன்றை வரைந்து வந்தாள். அதில் பேருந்து நிலையம் இல்லை, ரயில் சந்திப்பும் இல்லை. வாடகைக்கு வீடு கேட்டு அவள் அப்பா திருப்பி அனுப்பப்பட்ட தெருக்கள் மட்டும் இருந்தன. இது ஆய்வா படைப்பா என்று ஆசிரியர் கேட்டாராம். விழுப்புரத்தைப் பற்றி நான் பார்த்த வரைபடங்களில் இதைத்தான் நம்புகிறேன்.