உயிர்காப்பு மேலங்கி

உயிர்காப்பு மேலங்கி, பேச்சுவழக்கில் லைஃப் ஜாக்கெட், நீரில் விழுந்தவரின் வாயும் மூக்கும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி தாங்கும் உடை. மனித உடல் ஏறக்குறைய நீரின் அடர்த்தியே உடையது. ஆகவே பெரியவர் ஒருவர் மிதக்க 3 முதல் 5 கிலோ வரை கூடுதல் தாங்குவிசை போதும். 1854இல் இங்கிலாந்தின் உயிர்மீட்புப் படகுக்காரர்கள் தக்கையாலான மேலங்கி அணிந்தனர். பின்னர் இலவம்பஞ்சு வந்தது. இன்று நுரைப்பஞ்சும், வாயு நிரம்பும் பைகளும் அவ்விடத்தில் உள்ளன.

ஐ.எஸ்.ஓ. 12402 தரம் இவற்றை 50, 100, 150, 275 நியூட்டன் என வகுக்கிறது. 10 நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும். 50 நியூட்டன் வகை நீச்சல் தெரிந்தவருக்கும், உதவி அருகிலிருக்கும் இடத்துக்கும் உரியது. மயங்கியவரை முகம் மேலாகத் திருப்பாது. எனவே பெங்களூரு அல்சூர் ஏரி போன்ற அமைதியான நீரிலும், நீந்தத் தெரியாத பயணிக்கு 100 நியூட்டன் வகையே தகும்.

ஆற்றில் கணக்கு மாறுகிறது. தண்டேலியில் காளி ஆறும், குடகில் பாரபொளே ஆறும் பெங்களூரு வாசிகள் ராஃப்டிங்குக்குச் செல்லும் இடங்கள். பாறையில் மோதி நுரைக்கும் நீரில் காற்று கலந்திருப்பதால் அதன் தாங்குதிறன் குறைகிறது. வாயுப்பை மேலங்கி இங்கே ஆகாது: பாறை கிழித்துவிடலாம், தானியங்கி வகை வெறும் நீர்த்தெறிப்பிலேயே விரிந்துவிடலாம். உடலோடு இறுகப் பிடிக்கும், பல வார்களுள்ள நுரைப்பஞ்சு மேலங்கியும் தலைக்கவசமும் தேவை. ஒகேனக்கல் பரிசல் பயணத்துக்கும் நுரைப்பஞ்சு வகையே பொருந்தும்.

2022 செப்டம்பரில் பெங்களூருவின் பெல்லந்தூர், யமலூர் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது குடியிருப்போர் படகுகளிலும் டிராக்டர்களிலும் வெளியேற்றப்பட்டனர். நகர வெள்ளத்தில் கம்பி, வேலி, திறந்த சாக்கடை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். தொங்கும் வார்கள் அவற்றில் சிக்கும் என்பதால் மிஞ்சிய நுனிகளைச் செருகிவிட வேண்டும். கலங்கிய நீரில் எடுப்பாகத் தெரியும் ஆரஞ்சு, மஞ்சள் நிறங்கள் நல்லவை.

மங்களூரு, மால்பே கடலில் கரையைவிட்டு விலகிச் செல்வோருக்கு, உடலைத் திருப்பித் தலையைத் தாங்கும் 150 நியூட்டன் வகை வேண்டும். விசிலும் விளக்கும் உடனிருக்க வேண்டும். கனத்த உடையோ கருவிகளோ அணிந்து ஆழ்கடலில் பணிபுரிவோருக்கு 275.

எந்த வகையானாலும் அளவு பொருந்தாவிட்டால் பயனில்லை. பெரியவருக்கு மார்பளவும் எடையும், குழந்தைக்கு முதன்மையாக எடையும் அளவுகோல். குழந்தையின் மேலங்கிக்குக் கால்களிடையே ஒரு வாரும், தூக்கப் பிடியும், கழுத்துத் தாங்கியும் வேண்டும். படகுத்துறையில் குவித்துவைத்த பெரியவர் மேலங்கியைக் குழந்தைக்கு மாட்டுவது பெயருக்குத்தான் பாதுகாப்பு; நீரில் அது தலைவழியே கழன்றுவிடும். வார்களை இறுக்கியபின் தோள்பட்டைகளை மேலே இழுத்தால் மேலங்கி முகவாயைத் தாண்டக் கூடாது.

வெயிலில் கிடந்தால் துணியும் தையலும் நைந்துபோகும். உட்கார மெத்தையாகப் பயன்படுத்தினால் நுரைப்பஞ்சு அமுங்கும். நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வாயுப்பை வகையில் வாயுக்குப்பியைச் சரிபார்த்து, பயன்பட்டபின் மாற்ற வேண்டும்.