றொசெற்றா தார்ப்: றொக் இசையின் முன்னோடி

றொக் இசை என்றதும் எல்விஸ் பிறெஸ்லி, சக் பெரி, லிற்றில் றிச்சட் ஆகியோரின் பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். மூவரும் ஆடவர், 1950களிற் புகழ் எய்தியவர். ஆயின், அவர்களுக்கு முன்னரே மின்கித்தாரை ஏந்தி மேடையேறிய கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருந்தார். சிஸ்டர் றொசெற்றா தார்ப் என்னும் அவ்வம்மையாருக்கு அவ்விசையின் வரலாற்றில் முன்னிடம் அளித்தலே முறை.

ஐக்கிய அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்தில், கொற்றன் பிளான்ற் என்னும் சிற்றூரில், 1915ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தாயார் மண்டலின் இசைத்து நற்செய்தி பரப்பியவர். அவர்கள் சார்ந்திருந்த திருச்சபையோ கைதட்டலையும் துள்ளும் தாளத்தையும் வழிபாட்டினின்று விலக்காதது. குழந்தைப் பருவத்திலேயே தாயாருடன் கித்தார் இசைத்துப் பாடிய றொசெற்றா, அத்தாளத்தையே பின்னர் உலகுக்கு வழங்கினார்.

1938இல் டெக்கா நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டுக்களைப் பாடினார். அவ்வாண்டிலேயே நியூயோர்க்கின் கொற்றன் கிளப் அரங்கிலும் தோன்றினார். 1944இற் பதிவான 'ஸ்ரேஞ்ச் திங்ஸ் ஹப்பெனிங் எவ்ரி டே' என்ற அவரது பக்திப் பாடல், மறு ஆண்டில், கறுப்பின மக்களின் இசைக்கெனப் 'பில்போட்' சஞ்சிகை வெளியிட்டு வந்த விற்பனை வரிசையில் இடம்பெற்றது. துள்ளியோடும் பியானோவும் அதனுடன் போட்டியிடும் கித்தாரும் அமைந்த அப்பாடலில் றொக் இசையின் உயிர்நாடியைக் கேட்கலாம். எல்விசின் முதல் இசைத்தட்டு வெளிவந்ததோ 1954இலேதான்.

1947இல், ஜோர்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பாடக் கேட்டு, அவனைத் தம் மேடையில் ஏற்றிப் பாடச்செய்தார் அம்மையார். அச்சிறுவனே பின்னாளில் லிற்றில் றிச்சட் எனப் பெயர் பெற்றவர்.

அவர் பாடியவை பக்திப் பாடல்கள். அவை றொக் ஆகா என மறுப்பாரும் உளர். சொற்கள் தேவாலயத்துக்கு உரியனவே. ஆயினும், கித்தார் நரம்பில் எழுந்த வேகமும் ஓசையும் புதியன. பின்வந்தோர் கைக்கொண்டவையும் அவையே. களியாட்ட அரங்கிற் பாடினார் எனத் திருச்சபையினர் பலர் அவரைக் கடிந்தனர். தேவாலயப் பாடகி என வெளியுலகம் அவரை ஒதுக்கியது. இவ்விரண்டுக்கும் இடையிலேயே அவர் பெயர் மறைந்தது.

1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில், கைவிடப்பட்ட புகையிரத நிலையமொன்றின் மேடையில் நின்று, தொலைக்காட்சிக்காக அவர் கித்தார் இசைத்துப் பாடிய காட்சி இன்றும் காணக் கிடைக்கின்றது. எதிர்மேடையில் அமர்ந்திருந்த இளைஞர் கூட்டத்தைத் தனியொருவராக ஆட்கொண்ட அவரது ஆற்றலுக்கு அதனினும் வேறு சான்று வேண்டா.

1973இற் பிலடெல்பியாவில் அவர் காலமானார். முப்பதாண்டுகளுக்கு மேலாக அவரது கல்லறையிற் பெயர்க்கல் தானும் இருக்கவில்லை. அமெரிக்காவின் றொக் இசைப் புகழ்மண்டபம் 1986இல் முதன்முதல் மதிப்பளித்தோருள் எல்விசும் பெரியும் றிச்சட்டும் இருந்தனர்; றொசெற்றாவுக்கு அம்மதிப்பு 2018இலேயே கிட்டியது. வழிவந்தோர் மூவரும் உள்ளே வீற்றிருக்க, வழிகாட்டியவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாயிலில் நின்றார். கனியைப் போற்றுவோர் வேரையும் நினைத்தல் கடனாகும்.